வாயில்லாத பெட்டி

கிறிஸ்துதாஸ் இரண்டு பூத்துவாலைகளில் சுற்றி பிரான்சிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியை அகஸ்டினா மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், கவிழ்த்தும் பார்த்தாள். கடைசியில் ஆள்காட்டி விரலை அதன் விளிம்போடு ஒரு சுற்று ஓட்டினாள், சந்தையில் மாடு வாங்க வந்தவர் பல்லைத் தேடுவதுபோல.

"நல்லா இருக்குண்ணே," என்றாள்.

அவள் புருஷன் மார்ட்டினால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. "மச்சான், இதுக்கு வாய் எங்க?"

"வாயா?"

"டிஸ்க்கு போடற வாய்."

"அதெல்லாம் இதுல கெடையாது மாப்ள. இது டிஜிட்டல். காசு கட்டினா கேமு நேரா உள்ள எறங்கிடும். அங்க இப்ப எல்லாரும் இதான் வாங்கறான்."

"டிஸ்க்கு கடக்காரிக்கு டிஸ்க்கு போட முடியாத பெட்டி," என்றார் மார்ட்டின். அவர் நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஓட்டுகிறவர். "அடுத்த வருஷம் வரும்போது எனக்கு மறக்காம எஞ்சின் இல்லாத படகு ஒண்ணு வாங்கியாந்துருங்க."

"நீங்க செத்த சும்மா இருங்க," என்றாள் அகஸ்டினா.

கிறிஸ்துதாஸ் அதைத் தெரியாமல் வாங்கவில்லை. டிஸ்க்கின் காலம் முடிந்தது என்ற பேச்சைத் தொடங்க அந்தப் பெட்டி உதவும் என்று நினைத்தே வாங்கியிருந்தார். நெல்லித்தோப்பில் அவர்களுடைய அப்பா கட்டிய வீட்டில், தெருவைப் பார்த்த முன்னறை கிறிஸ்துதாசுக்கு என்றும் பின்னால் இருக்கும் வீடு அகஸ்டினாவுக்கு என்றும் அப்பா எழுதிவைத்திருந்தார். அந்த முன்னறையில்தான் அகஸ்டினாவின் கடை. பழைய கேம் டிஸ்க்குகளை வாங்கி விற்கிற, மாற்றிக் கொடுக்கிற கடை. அண்ணன் ஒருநாளும் வாடகை கேட்டதில்லை. இப்போது காப்பிக் கடை வைக்க ஒருவர் அந்த அறையைக் கேட்டிருந்தார். மாதா திருநாள் முடிந்து பிரான்சுக்குத் திரும்புவதற்குள் பதில் சொல்வதாக கிறிஸ்துதாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். மனதுக்குள் பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. தங்கச்சி மனதார ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவளிடம் போனிலேயே சொல்லியிருந்தார். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன் அறைண்ணே. நீ சொல்லு, காலி பண்ணிடறேன்," என்று மட்டும் சொன்னாள். அது அவருக்குச் செருப்புக்குள் மாட்டிய கல்லாக இருந்தது.

தெருவில் அவருக்குப் பெயர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருடா வருடம் ஜூலை பதினாலு, பிரெஞ்சுத் தேசிய நாளுக்கு முன்பாக வந்து இறங்குவார். மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் மற்ற சொல்தாக்களோடு நிற்பார். அதன்பிறகு ஒரு மாதம் வஞ்சிரம் மீனும் தூக்கமுமாகப் போகும். இந்த வருடம் வேறு வேலை வைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கடை எந்த அளவுக்குச் செத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் முன்னறையைக் கேட்பதில் உறுத்தல் இருக்காது.

அகஸ்டினாவுக்குக் கடை சாவது புதிதல்ல. கல்யாணமான புதிதில் அதே அறையில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டாள். கேசட் போய் சி.டி. வந்தது. கேசட்டுகளைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு சி.டி.க்கு மாறினாள். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது, படம் பார்க்கக் கடைக்கு வர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அலமாரி காலியாக, ஷட்டரை இறக்கிவிடலாம் என்று மார்ட்டினே சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் அவளைக் காப்பாற்றின, அவர்களுக்கே தெரியாமல். ஜூலை, ஆகஸ்டில் வருகிற பேரன் பேத்திகள் கேம் டிஸ்க்குகளோடு வருவார்கள். போகும்போது பெட்டியில் இடம் வேண்டும். அப்பளம், வத்தல், மசாலாத் தூள், கருவாடு எல்லாம் போக வேண்டுமே. விளையாடி முடித்த டிஸ்க்குகள் இங்கேயே கிடக்கும். அகஸ்டினா அந்த வீடுகளுக்குப் போய் அவற்றைக் கேட்டு வாங்கிவந்து அலமாரியில் அடுக்கினாள். ஒன்றைக் கொண்டுவந்து கொடு, மேலே கொஞ்சம் போட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு போ. இதுதான் வியாபாரம். அரியாங்குப்பத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த டிஸ்க்குகளில் பல பிரெஞ்சில் பேசின. அர்த்தம் தெரியாமலேயே ஆட்கள் விளையாடினார்கள். பாகூரில் நாற்று நடுகிற வீட்டுப் பிள்ளைகள்கூட மூன்று பிரெஞ்சுச் சொற்களைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள்போலச் சொன்னார்கள். கோந்தினுவே என்றால் தொடர்வது. சோவ்கார்தே என்றால் இதுவரை ஆடியதைச் சேமித்து வைப்பது. கித்தே என்றால் பாதியில் எழுந்து போவது. பிற்பாடு ஆங்கில டிஸ்க்குகள் வந்தும் அந்தச் சொற்கள் கடையை விட்டுப் போகவில்லை.

அவள் மட்டும் விளையாடுவதில்லை. ஒரு தடவை முயன்று பார்த்தாள். கட்டைவிரல் வலிக்கிறது என்று வைத்துவிட்டாள்.

கிறிஸ்துதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்த இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ புருஷோத்தமன் வந்தார். பாங்கியில் வேலை செய்கிறவர், பல வருட வாடிக்கை. தன்னுடைய டிஸ்க்குகள் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"அக்கா, நான் கட்சி மாறிட்டேன்."

"எந்தக் கட்சி?"

"பிசி. கம்ப்யூட்டரு. பெட்டிய வித்தாச்சி. கன்சோல்ல புதுசா ஒரு கேமு டவுன்லோடு பண்ணலாம்னு போனா டிஸ்க்கு என்ன வெலையோ அதே வெல. அட்டையும் இல்ல, டிஸ்க்கும் இல்ல, வண்டி வாடகையும் இல்ல, வெல மட்டும் அப்படியே நிக்கிது. வருஷம் ஆனாலும் எறங்க மாட்டேங்குது. பிசியில பொங்கலுக்குத் தள்ளுபடி, தீவாளிக்குத் தள்ளுபடி. கால் வெலதான்க்கா. நம்ம ஊருக்குன்னு தனியா ரூபாயில வெல வெக்கறான்."

"நல்லதுதான?" என்றாள் அகஸ்டினா. "எத்தினி வாங்கின?"

"அது கெடக்கும் நூறுக்கு மேல."

"எத்தினி முடிச்ச?"

புருஷோத்தமன் பின்கழுத்தைச் சொறிந்தார். "வாங்கி வச்சிருக்கேன்க்கா. ரிட்டயர் ஆனப்பறம் உக்காந்து..."

"சரி, முடிச்சப்பறம் யாருக்குக் குடுப்ப?"

"குடுக்க முடியாதே. எல்லாம் என் பேர்ல இருக்குது. நான் போனா அதுவும் என்னோட போயிரும்."

"பரவால்லயே. உன் பொண்டாட்டிகூட அப்படிச் சொல்ல மாட்டா."

புருஷோத்தமன் சிரித்துக்கொண்டே போனார். அவர் தெருமுனை திரும்பியதும் கிறிஸ்துதாஸ் கேட்டார். "நல்ல கிராக்கி. போவாதன்னு ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"அவனுக்கு அதாண்ணே சரி. வாங்கி வச்சிப் பாத்துட்டே இருந்தா அவனுக்குச் சந்தோஷம். அதுக்குக் கம்மி வெலையில கெடைக்கற எடத்துலதான வாங்கணும்? நான் எதுக்குக் கெடுக்கறது?"

கட்டைப்பையிலிருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நடு ஓட்டையில் விரலை நுழைத்துப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மார்ட்டினுடைய பழைய வேட்டித் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். கிறிஸ்துதாஸ் ராணுவத்தில் துப்பாக்கி துடைத்தவர். அவருடைய சார்ஜண்ட் இந்தத் துடைப்பைப் பார்த்திருந்தால் எதுவும் பேசியிருக்க மாட்டான் என்று தோன்றியது. பிறகு, ஒரு கட்சிக்காரர் போனார், கடை செத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்து வெற்றிவேல் வந்தான். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பாகூர்ப் பக்கம் சொந்த நிலம், லீவு நாளில் ஏரும் ஓட்டுவான். காக்கிச் சட்டையோடு வந்து ஒரு டிஸ்க்கை நீட்டினான்.

"அக்கா, வேற குடுங்க. சண்டை உள்ளதா குடுங்க."

அகஸ்டினா அதைத் தொடவில்லை. "முடிச்சியா?"

"முடிச்சிட்டேன்."

"கழுத என்ன ஆச்சி?"

அது ஒரு தபால்காரரைப் பற்றிய கேம். போர் நடந்து ஓய்ந்த ஒரு மலைநாட்டில், கிழத் தபால்காரர் ஒருவர் கோவேறுக்கழுதைமேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கடையில் அதற்குக் கழுதை கேம் என்று பெயர்.

வெற்றிவேல் கூரையைப் பார்த்தான். "கழுத... அது வூடு போயி சேந்துச்சி."

அகஸ்டினா டிஸ்க்கை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ."

"அக்கா!"

"பொய் சொல்ற. போய் முடிச்சிட்டுக் கொண்டா."

"ஆத்துல நிக்கிதுக்கா! பனி கட்டின ஆறு. கால வெக்க மாட்டேங்குது. ஒரு வாரமா அங்கயே நிக்கிறேன். நான் என்னா பண்ணட்டும், தூக்கிட்டா போவ முடியும்?"

"நிர்மலா வேற இதுக்குக் காத்துட்டு இருக்கா."

"நம்ம நர்ஸம்மாவா? பின்ன என்னா, அவங்களுக்கே குடுத்துருங்க! தினம் வார்டுல பாக்கறப்ப எல்லாம் என்னைய மொறைக்கிறாங்க."

"நீ முடி. அப்பறம் குடுக்கறேன்."

வெற்றிவேல் ஒரு பெருமூச்சு விட்டான். "கோந்தினுவே," என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். தன் தங்கச்சி கடையில் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில் கிறிஸ்துதாசுக்கு ஸ்டூலே கொஞ்சம் ஆடியது.

"இது என்ன வழக்கம்?" என்று கேட்டார். "அவன் பொருளு, அவன் குடுக்கறான். முடிச்சா என்ன, முடிக்காட்டி என்ன? வாங்கிப் போட்டுட்டு அந்தப் பொண்ணுக்குக் குடுக்கறத விட்டுட்டு..."

"நடுவுல விட்டவன் மறுபடி இங்க வர மாட்டாண்ணே. கொஞ்ச நாள் அதையும் இதையும் தொட்டுட்டு அப்பறம் பெட்டியவே வித்துருவான். முடிச்சவன்தான் அடுத்தது என்னான்னு வருவான். இத்தினி வருஷமா பாக்கறேன்ல."

"அவ்ளோதானா?"

அகஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கும் கத தெரிய வேணாமா?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அலமாரியில் இருந்த கதைகள் எல்லாவற்றின் முடிவும் அவளுக்குத் தெரியும். ஒன்றைக்கூட அவள் ஆடவில்லை. முடித்தவர்கள் வந்து சொல்லிச் சொல்லிக் கேட்டது. கொத்தனார் சொன்னது, கல்லூரிப் பெண் சொன்னது, மீன் ஏலம் விடுகிறவர் சொன்னது. சில கேம்களில் ஆடுகிறவர் எடுக்கிற முடிவைப் பொறுத்துக் கதை மாறும். அப்படிப்பட்டவற்றுக்கு அவளிடம் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு முடிவு இருந்தது.

சாயங்காலம் மார்ட்டின் உப்பங்கழி வாசனையோடு வந்து, மச்சான் கேட்காமலேயே மேலும் சொன்னார். பல வருடங்களுக்கு முன், ஒருவர் விளையாடிய டிஸ்க் இன்னொருவர் பெட்டியில் ஓடாதபடி செய்யப்போவதாக எங்கோ ஒரு கம்பெனி அறிவித்ததாம். அது நடந்தால் இந்தக் கடை மறுநாளே கிடையாது. உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பி, கம்பெனி பின்வாங்கியது.

"அந்த வருஷம் ஒங்க தங்கச்சி வேளாங்கண்ணிக்கு நடந்தே போனா. எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லல. பங்குச் சாமியார் கேட்டதுக்குக் குடும்பத்துக்காகன்னு சொன்னா."

இன்னொன்றும் சொன்னார். ஒரு தடவை அவள் திறந்து பார்க்காமல் வாங்கி விற்ற உறைக்குள் டிஸ்க்கே இல்லை. ஒரு காகிதத்தில் கேமை இறக்குவதற்கான எண் மட்டும் இருந்திருக்கிறது. யாரோ ஒருமுறை அடித்துவிட்டால் பிறகு செல்லாத எண். அதை வாங்கிப் போனவர் வீராம்பட்டினத்துக்காரர். உறையைக் கொடுத்தவர் சொல்லி விஷயம் தெரிந்த மறுநாள் விடிகாலையில் அகஸ்டினா முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், அவர் கடலிலிருந்து கரையேறுகிற வரைக்கும் மணலில் நின்று, ஒன்றுக்கு இரண்டாக நல்ல டிஸ்க்குகளைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் உறையைத் திறந்தே பார்த்திருக்கவில்லை.

கிறிஸ்துதாஸ் எழுந்து, தான் கொண்டுவந்த வெள்ளைப் பெட்டியை டிவியில் மாட்டினார். கழுதை கேமை அதிலேயே வாங்கினார். ஒரு பெண் நாள்கணக்கில் காத்திருக்கிறாள், ஒரு ஆள் பொய் சொல்கிறான், எல்லாம் ஒற்றை டிஸ்க்குக்காக. இங்கே பார், கேட்ட நொடியில் வருகிறது என்று காட்ட வேண்டும். பிரான்சில் திறந்த கேம் கணக்கு, பிரான்சு பாங்கி அட்டை. விலை யூரோவில் போயிற்று.

"எவ்ளோ மச்சான்?"

"கேக்காத மாப்ள."

"பிசியில கால் வெலைன்னு புருஷோத்தமன் சொன்னான். டிஸ்க்காவே வாங்கிருந்தா ஆடிட்டு இவ கிட்டயே தள்ளி விட்டுருக்கலாம்."

"கேக்காதன்னு சொன்னன்ல."

"இங்க இந்தியான்னு போட்டுக் கணக்க ஆரம்பிச்சிருந்தாலாவது ரூவாயில வந்திருக்கும்ணே," என்றாள் அகஸ்டினா. "இப்ப மாத்த முடியாது. ஆரம்பிக்கறப்ப எந்த நாடுன்னு போட்டமோ அதான் கடைசி வரைக்கும்."

"ஒங்கள மாதிரிதான் மச்சான்," என்றார் மார்ட்டின்.

மத்தியானங்களில் அவர் ஆடத் தொடங்கினார். சும்மா காட்டுவதற்காகத் தொடங்கியது, நான்கைந்து நாளில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வராத அளவுக்குப் போயிற்று. அதில் யாரும் யாரையும் சுடவில்லை. கடிதம் வாங்கக் கதவைத் திறக்கிறவர்கள் முதலில் தபால்காரரின் கையைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். ராணுவத்தில் அவர் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் பாலைவனத்துக்குள் லாரியில் தபால் கொண்டுபோனவர். அதை யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? இப்போது அந்தக் கிழவரோடு நடக்கும்போது, மூட்டையைப் பார்த்ததும் ஓடிவந்த சிப்பாய்ப் பையன்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பிறகு ஆறு வந்தது. கழுதை நின்றுவிட்டது.

மறுநாள் வெற்றிவேல் கடைவாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "அக்கா, நாளைக்கு வீராம்பட்டினம் தேரு. எனக்கு அங்கதான் டூட்டி. அதுக்குள்ள இந்தக் கழுதைக்கு ஒரு வழி சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? இந்த கேம முடிச்சிட்டு இன்னும் யாரும் வரல. அண்ணன வேணா கேளு."

"சொல்தா ஐயாவும் ஆடறீங்களா?" வெற்றிவேலின் முகம் மலர்ந்தது. "எங்க நிக்கிறீங்க?"

கிறிஸ்துதாஸ் தொண்டையைச் செருமினார். "ஆத்துலதான்."

"அப்பாடா!"

இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் குனிந்து நின்று பேசினார்கள். முன்னால் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்ததாக கிறிஸ்துதாஸ் சொன்னார். தானும் இத்தனை நாள் அப்படித்தான் இழுத்ததாகச் சொன்ன வெற்றிவேல், அடுத்த நொடியே தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "எங்க வூட்டு மாடே அப்படி வராதுய்யா! தண்ணியக் கண்டா நிக்கும். பக்கத்துல ஒட்டிக்கிட்டுக் கூடவே எறங்கணும். நான் ஒரு கூமுட்ட, டிவியில இருக்கறது கழுத இல்லன்னு நெனச்சிட்டேன்."

"வெளக்கு?" என்றார் கிறிஸ்துதாஸ். தபால்காரர் கையில் லாந்தர் உண்டு. "பனியில அது எதிரொளிச்சி கண்ணுல அடிக்குமே. அதை அணைச்சிட்டுப் போனா?"

வெற்றிவேல் அவரையே பார்த்தான். அகஸ்டினா டிஸ்க் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அன்று மத்தியானம் கிறிஸ்துதாஸ் லாந்தரை அணைத்தார். கழுதையின் தோளோடு ஒட்டி நின்று ஓர் அடி வைத்தார். அதுவும் வைத்தது. ஆற்றின் நடுவுக்கு வந்திருப்பார். திரை அப்படியே நின்று, ஒரு சின்னக் கட்டம் தோன்றியது. இந்தக் கணக்கை வேறொரு பெட்டியில் யாரோ திறந்திருக்கிறார்கள், ஆகவே இங்கே ஆட முடியாது.

பிரான்சில் இருக்கும் மகன் ராஜாவுக்குப் போன் போட்டார். கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வீட்டில் மகனும் அதே கணக்கில்தான் ஆடுவான். ஒரு கணக்கு ஒரே நேரத்தில் ஒரு பெட்டியில்தான் திறக்கும். பெட்டியைப் பிரான்சில் வாங்கி, கணக்கையும் அங்கேயே போட்டு, ஊருக்குக் கொண்டுவருகிற யாருக்கும் இது முதலில் தோன்றாது.

"டேய், வெளிய வா!"

"அப்பா, இன்னிக்கு எனக்கு லீவு. இப்பதான் மேட்ச் ஆரம்பிச்சது..."

"என் கழுத பனியில நிக்கிதுடா!"

மார்ட்டின் நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார். கிறிஸ்துதாசுக்குச் சிரிப்பு வரவில்லை. "காசு நான் குடுத்தேன், என் பேரு, என் அட்டை. எனக்கே கதவத் தெறக்க மாட்டேங்குது," என்றார். பதில் சொல்வாள் என்று அகஸ்டினாவைப் பார்த்தார். அவள் ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். இதை வைத்து அவள் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம்! அவர் கொண்டுவந்த பெட்டியையே எடுத்து அவர் முன்னால் வைத்து, பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முன்னறையைப் பற்றிய பேச்சுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவள் ஷட்டர் ஓரத்து வெயிலுக்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பது உள்ளேயிருந்து தெரிந்தது. காலி செய்யப்போகிறவள் எதற்குச் சாக்குக் கட்டுகிறாள் என்று நினைத்தார். வெயில் பட்டால் டிஸ்க் கெட்டுவிடும். கடை நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, டிஸ்க் இன்றைக்குக் கெடக் கூடாது. அவள் எப்போதுமே அப்படித்தான். சின்ன வயதில் மழைக்காலப் பரீட்சைக்கு முதல்நாள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதும், கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து மிச்சப் பாடத்தைப் படித்து முடித்தவள்.

ராஜா ஆடாத நேரம் பார்த்து ஆடி, மாதா திருநாளுக்கு முதல்நாள் சாயங்காலம் அவர் கேமை முடித்தார். திரையில் பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனார். தெருவில் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடையில் வெற்றிவேல் நின்றிருந்தான். பக்கத்தில், இரவு டூட்டிக்குப் புறப்பட்ட நர்ஸ் நிர்மலா ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சியா?" என்று கேட்டாள் அகஸ்டினா.

"மாதா மேல சத்தியமா."

"உனக்கு எதுக்கு மாதா? கத சொல்லு."

"ஐயோ, இருங்க இருங்க!" நிர்மலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். கொடி கட்டுகிறவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி, எதுவும் காதில் விழாமல் இருக்க ஏதோ பாட்டைச் சத்தமாக முணுமுணுத்துக்கொண்டு நின்றாள்.

வெற்றிவேல் சொன்னான். கடைசி ஊரில் புருஷனைப் போரில் இழந்த ஒருத்திக்கு வயல் இருக்கிறது, உழ மாடில்லை. கடைசிக் கடிதத்தோடு கழுதையையும் அவளிடம் விட்டுவிட்டுத் தபால்காரர் தனியாக நடந்து போகிறார். சொல்லும்போது அவன் கை கயிற்றை அவிழ்ப்பதுபோல அசைந்தது. அகஸ்டினா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பிறகு டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், துடைத்தாள், உறையில் போட்டாள்.

"ஏம்மா, வா!"

நிர்மலா ஓடிவந்து அதை வாங்கி, டிபன் பாக்ஸ் வைத்திருந்த பைக்குள் வைத்தாள். "நாளைக்கு ஆஃபு. வூட்ல யாரையும் டிவி பக்கம் விட மாட்டேன்." வெற்றிவேலைப் பார்த்து, "ஏன்யா, ஒரு கழுதைய ஆறு தாண்ட வெக்க இத்தினி நாளா?" என்றாள். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

கிறிஸ்துதாஸ் ஸ்டூலில் உட்காராமல் மேசை முன்னால் வந்து நின்றார். "நானும் முடிச்சிட்டேன்."

அகஸ்டினா நிமிர்ந்து பார்த்தாள். பழக்கத்தில் அவள் வலது கை, உள்ளங்கை மேலே தெரிய, மேசைக்கு மேல் நீண்டது. நீண்ட கை அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு அவள் அதை மெல்ல எடுத்து வேட்டித் துண்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். தன்னுடைய வெறும் கையையும் பார்த்தார்.

"ஐயா, ஒங்களுது அடுத்து யாருக்குப் போவும்?" என்று கேட்டான் வெற்றிவேல். கிண்டல் இல்லாமல்தான் கேட்டான்.

"யாருக்கும் போவாது தம்பி. அது போவாது."

காப்பிக் கடைக்காரரின் எண் போனிலேயே இருந்தது. கிறிஸ்துதாஸ் வெளியே போய்ப் பேசவில்லை, அங்கேயே நின்று கூப்பிட்டார். "கிறிஸ்துதாஸ் பேசறேன். அந்த அறை இல்லீங்க... இல்ல, வேற யாருக்கும் குடுக்கல. அதுல கடை இருக்குது... ஆமாங்க, நடக்குற கடை." போனைச் சட்டைப்பையில் போட்டார்.

அகஸ்டினா புருஷோத்தமனின் டிஸ்க்குகளில் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"டிஸ்க்குன்னு ஒண்ணு வர்ற வரைக்கும் நடத்தறேண்ணே," என்றாள். "அதுக்கப்பறம் தெரியாது."

"அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

அவள் காலால் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காரு. உன் கழுத என்ன ஆச்சி?"

கிறிஸ்துதாஸ் உட்கார்ந்தார். "அது வூடு போய்ச் சேந்துச்சிம்மா."

அகஸ்டினா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். வருடக்கணக்கில் அந்த மேசைக்கு முன்னால் பொய் சொன்னவர்கள் எல்லோரும் பார்த்த பார்வை அது.

"நெசமாதாம்மா! அந்தப் பொம்பளகிட்ட நான் விடல. ஒரு ராத்திரி தங்கி ரெண்டு பேருமா நெலத்த உழுது குடுத்துட்டு, வந்த வழியே திரும்பிட்டோம். ஆத்த மறுபடியும் தாண்டினோம். இரு, மொதல்லேருந்து சொல்றேன்."

"பாத்தீங்களாக்கா!" வெற்றிவேல் மேசையைத் தட்டினான். "வூடு போய்ச் சேந்துச்சின்னு நான் அன்னிக்கே சொன்னன்ல!"

"அவரு ஆட்டத்துல சேந்துச்சி. உன் ஆட்டத்துல அது பொய்தான்," என்றாள் அகஸ்டினா. "நீ சொல்லுண்ணே."